சமாரியத்தின் ஐசோடோப்பு அட்டவணை: முதல்முறை திறப்பவர்களுக்கு

ஐசோடோப்பு அட்டவணையை முதல்முறை திறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஒரே தனிமத்துக்கு ஏறக்குறைய நாற்பது வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஆறேழு எண்கள், நடுநடுவே குட்டிக் குட்டி அடைப்புக்குறிகள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பழகுவதற்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது சமாரியம். அருமண் தனிமங்களில் நடுவில் உட்கார்ந்திருக்கும் இதில் எல்லா வகையும் உண்டு. நிலையான ஐசோடோப்புகள், நிலையானதைப் போல நடிப்பவை, பாறையின் வயதைச் சொல்பவை, மருத்துவமனைக்குப் போகிறவை, அணு உலைக்குத் தலைவலி கொடுப்பவை என ஒரே பக்கத்தில் அத்தனையும் கிடைக்கும். கையில் ஒரு நோட்டும் சாதாரண கால்குலேட்டரும் இருந்தால் போதும். அட்டவணைக்கு சர்வதேச அணுசக்தி முகமையின் லைவ்சார்ட் அல்லது ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தின் நியூடேட், இரண்டில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

படி 1: 62-ஐக் கழியுங்கள்

சமாரியத்தின் அணு எண் 62. அதாவது எந்தச் சமாரிய அணுவை எடுத்தாலும் 62 புரோட்டான்கள். மாறுவது நியூட்ரான் மட்டும். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணிலிருந்து, அதாவது நிறை எண்ணிலிருந்து, 62-ஐக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை வந்துவிடும். சமாரியம்-144-இல் 82, சமாரியம்-154-இல் 92.

சுலபமான கழித்தல்தான். ஆனால் இதை நோட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள், சோம்பல் படாதீர்கள். அந்த 82 என்ற எண் பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

நிறை எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எம் எழுத்து ஒட்டிக்கொண்டு சில வரிசைகள் இருக்கும். அவை அதே அணுக்கருவின் கிளர்ந்த நிலைகள். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

படி 2: இயற்கையில் கிடைப்பவற்றைத் தனியே எழுதிக் கூட்டிப் பாருங்கள்

இயற்கைப் பங்கு என்ற பத்தியில் எண் இருக்கும் வரிசைகளை மட்டும் பொறுக்குங்கள். ஏழு கிடைக்கும்:

சமாரியம்-144: 3.08 சதவீதம்
சமாரியம்-147: 15.00
சமாரியம்-148: 11.25
சமாரியம்-149: 13.82
சமாரியம்-150: 7.37
சமாரியம்-152: 26.74
சமாரியம்-154: 22.74

கூட்டினால் 100 வர வேண்டும், வருகிறது. கடைசி இலக்கம் ஒன்றிரண்டு உங்கள் அட்டவணையில் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், அது பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு நிறை எண்ணையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். 144-ஐ 0.0308-ஆல், 147-ஐ 0.15-ஆல், இப்படியே ஏழையும். விடை 150.45. ஆனால் தனிம வரிசை அட்டவணையில் சமாரியத்தின் அணு நிறை 150.36 என்று போட்டிருக்கும். 0.09 இடிக்கிறது.

கணக்கில் தப்பில்லை. நாம் போட்டது புரோட்டான், நியூட்ரான்களை எண்ணிக் கிடைத்த முழு எண். உண்மையான சமாரியம்-152 அணுவின் நிறை 152 அல்ல, 151.920. சமாரியம்-154 என்பது 153.922. அணுக்கரு கட்டப்படும்போது கொஞ்சம் நிறை ஆற்றலாக வெளியேறிவிடுவதால் வரும் குறை இது. முழு எண்களுக்குப் பதில் அந்த உண்மை நிறைகளைப் போட்டுப் பாருங்கள், 150.36 அப்படியே வந்து உட்காரும். பிணைப்பு ஆற்றல் என்ற பாடத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஆனால் இந்த 0.09 கால்குலேட்டரில் தெரிந்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

அடைப்புக்குறி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 150.36(2) என்று எழுதியிருந்தால், கடைசி இலக்கத்தில் 2 வரை முன்பின் ஆகலாம் என்று பொருள். 150.34-இலிருந்து 150.38 வரை.

படி 3: இடைவெளிகளை எட்டிப் பாருங்கள்

144-க்கும் 154-க்கும் நடுவே இயற்கைப் பட்டியலில் நான்கு எண்கள் விடுபட்டிருக்கின்றன: 145, 146, 151, 153. இந்த நான்கையும் அட்டவணையில் தேடி, எப்படிச் சிதைகின்றன, பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகிறது (இதுதான் அரைவாழ்வு) என்று பாருங்கள்.

145: எலெக்ட்ரான் கவர்வு, 340 நாள். புரோமித்தியமாக மாறும்.
146: ஆல்பா, பத்துக் கோடி ஆண்டை ஒட்டி. நியோடிமியமாக மாறும்.
151: பீட்டா, 90 ஆண்டுக்குச் சற்று மேல். யூரோப்பியமாக மாறும்.
153: பீட்டா, 46.3 மணி நேரம். இதுவும் யூரோப்பியம்தான்.

பொதுவான விதி இதிலேயே தெரிகிறது. நியூட்ரான் போதாத பக்கம் இருப்பவை ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றிக்கொண்டு 61-ஆம் எண்ணுக்கு, அதாவது புரோமித்தியத்துக்கு இறங்கும். நியூட்ரான் அதிகமாகிப் போனவை ஒரு நியூட்ரானைப் புரோட்டானாக்கி 63-ஆம் எண்ணுக்கு, யூரோப்பியத்துக்கு ஏறும். 144-க்குக் கீழேயும் 154-க்கு மேலேயும் உள்ள மீதி முப்பது வரிசைகளையும் இந்த ஒரே விதியால் கடந்துவிடலாம். பெரும்பாலானவை மணிக்கணக்கில், நிமிடக் கணக்கில், விநாடிக் கணக்கில் முடிந்துபோகிறவை. ஆய்வகத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவற்றோடு வேலை வராது.

விதிக்கு அடங்காமல் நிற்பது 146 மட்டும். அது ஏன் ஆல்பா வழிக்குப் போகிறது?

படி 4: 82-ஐத் தேடுங்கள்

நோட்டில் எழுதிவைத்த நியூட்ரான் எண்ணிக்கைக்கு வேலை வந்துவிட்டது. அணுக்கருவுக்கு 82 நியூட்ரான் என்பது முழுதாக நிரம்பிய ஓர் அடுக்கு. அதில் இருக்கும் அணுக்கருக்கள் இறுக்கமாகவும் சுகமாகவும் இருக்கும். ஆல்பா சிதைவில் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் வெளியே போகும். ஆகவே 84 நியூட்ரான் உள்ள அணு ஓர் ஆல்பாவை விட்டால் நேராக 82-இல் இறங்கும். சமாரியம்-146-இல் இருப்பது அதே 84.

இப்போது வரிசையாகப் பாருங்கள்.

146 இறங்குவது 82-இல். அரைவாழ்வு பத்துக் கோடி ஆண்டை ஒட்டி.
147 இறங்குவது 83-இல். அரைவாழ்வு 10,600 கோடி ஆண்டு.
148 இறங்குவது 84-இல். அரைவாழ்வு 60 கோடி கோடி ஆண்டுக்கும் மேல்.
149 இறங்க வேண்டியது 85-இல். ஆற்றல் கணக்குப்படி அதுவும் ஆல்பா விடலாம். ஆனால் விட்டதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு நியூட்ரான் கூடக் கூட, வெளியேறும் ஆல்பாவின் ஆற்றல் கொஞ்சம்தான் குறைகிறது. அரைவாழ்வோ ஒவ்வொரு படியிலும் ஆயிரம் மடங்கு, பல்லாயிரம் மடங்கு என்று நீள்கிறது. ஆக, "நிலையானது", "கதிரியக்கம் உள்ளது" என்று இரண்டு பெட்டி போட்டுப் பிரிக்கிறோமே, இயற்கைக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. நம் கருவியால் எண்ண முடிகிற வரைக்கும் கதிரியக்கம் என்கிறோம், அதற்கு அப்பால் நிலையானது என்கிறோம், அவ்வளவுதான். அட்டவணையில் 149-க்கு நேராக நிலையானது என்று இருந்தால் அதற்கு "இதுவரை மாட்டவில்லை" என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஆண்டை விநாடியாக்குங்கள்

10,600 கோடி ஆண்டு என்றதும், அண்டத்தின் வயதே 1,380 கோடிதானே, அப்புறம் எதற்கு இதைக் கதிரியக்கம் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஒரு கிராம் சமாரியத்தை எடுத்து எண்ணிவிடுவோம்.

ஒரு கிராமில் உள்ள அணுக்கள்: 6.022×10²³-ஐ 150.36-ஆல் வகுத்தால் 4.005×10²¹.
அதில் 147-இன் பங்கு 15 சதவீதம்: 6.01×10²⁰.
அரைவாழ்வு விநாடியில்: 1.06×10¹¹-ஐ 3.156×10⁷-ஆல் பெருக்கினால் 3.35×10¹⁸.
0.693-ஐ (2-இன் இயல் மடக்கை) அதால் வகுத்தால் 2.07×10⁻¹⁹. ஓர் அணு ஒரு விநாடியில் சிதைவதற்கான வாய்ப்பு இது.
இதை அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் 124.

விநாடிக்கு 124 சிதைவு, அதாவது 124 பெக்கரல். இவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட அணுக்கள்கூட, கூட்டம் பெரிதாக இருப்பதால், ஒரு கிராமிலேயே இடைவிடாமல் ஆல்பாவைத் துப்பிக்கொண்டிருக்கின்றன. ஜார்ஜ் ஹெவெசி தன் சகாவோடு சேர்ந்து 1932-ல் சமாரியத்தின் கதிரியக்கத்தை அறிவிக்க முடிந்தது இதனால்தான்.

புதிதாகப் போடுபவர்கள் தவறும் இடம் மூன்றாம் வரி. ஆண்டை விநாடியாக்க மறந்துவிட்டு, விடை மூன்று கோடி மடங்கு தப்பு என்று முழிப்பார்கள். நானும் முழித்திருக்கிறேன்.

இதே கணக்கை 148-க்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு சிதைவு வரும். அவ்வளவு அரிதானதையும் அளந்திருக்கிறார்கள்.

சமாரியம்-கோபால்ட் காந்தம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பதறுவது வழக்கம். ஒரு சமாரியத்துக்கு ஐந்து கோபால்ட் என்ற வகையில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சமாரியம். பத்து கிராம் காந்தத்துக்கு 420 பெக்கரல் அளவில் வரும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள பொட்டாசியம்-40 மட்டுமே ஏறக்குறைய 4,000 பெக்கரல் கொடுக்கிறது. தவிர, சமாரியத்தின் ஆல்பாவை ஒரு காகிதமே தடுத்துவிடும். பெரும்பகுதி காந்தத்துக்குள்ளேயே அடங்கிப்போகிறது. நிம்மதியாகக் கையில் எடுக்கலாம். விரல் நசுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நியூட்ரான் பத்தியைத் தவறாமல் பாருங்கள்

நிலையான ஐசோடோப்புகள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பவை என்று நினைத்துவிடக் கூடாது. வெப்ப நியூட்ரானை, அதாவது வேகம் குறைந்த நியூட்ரானை, விழுங்கும் திறனைப் பார்ன் என்ற அலகில் சொல்லும் பத்தி ஒன்று அட்டவணையில் இருக்கும். 144-க்கு இரண்டு பார்ன்கூட இல்லை. 154-க்கு எட்டை ஒட்டி. 152-க்கு 206. 149-க்கு சுமார் 40,000.

அந்த ஒற்றை எண்தான் அணு உலைக்காரர்களுக்கு சமாரியத்தின் பெயரை மறக்கவிடாமல் செய்கிறது. யுரேனியம் பிளக்கும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் 149 நிறை எண் கொண்ட வரிசை பிறக்கிறது. நியோடிமியம்-149 ஒன்றே முக்கால் மணி நேரத்தில் புரோமித்தியம்-149 ஆகிறது. அது 53 மணி நேர அரைவாழ்வில் சமாரியம்-149 ஆகிறது. அங்கே நின்றுவிடுகிறது. உலை ஓடும்வரை நியூட்ரான்களே அதை எரித்து 150 ஆக்கிவிடும், வரவும் செலவும் சரியாகிவிடும். உலையை நிறுத்தினால் எரிப்பதற்கு நியூட்ரான் இல்லை. மிச்சமிருக்கும் புரோமித்தியமோ சிதைந்துகொண்டே இருக்கும். ஆகவே நிறுத்தி வைத்த உலையில் சமாரியம் ஏறும், ஏறியது இறங்காது.

செனான்-135-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியூட்ரானை விழுங்குவதில் சமாரியத்தைவிடப் பலமடங்கு பேராசைக்காரன். ஆனால் அதன் அரைவாழ்வு 9 மணி நேரம்தான், இரண்டு மூன்று நாள் பொறுத்தால் தானாகத் தொலைந்துவிடும். சமாரியம்-149 நிலையானது என்பதாலேயே தொல்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் போகாது. உலையை மறுபடி ஓட்டித்தான் எரிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் இந்த எரிப்பு தானாகவே நடந்திருக்கிறது. அங்கிருந்து வந்த யுரேனியத்தில் 235-இன் பங்கு 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 இருப்பதை 1972-ல் பிரான்சில் கவனித்தார்கள். தோண்டித் துருவியதில், ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாதுப்படுகையே ஓர் இயற்கை அணு உலையாக ஓடியிருந்தது தெரிந்தது. சாட்சிகளில் ஒன்று சமாரியம். இயல்பாக 149-ஐ 147-ஆல் வகுத்தால் 0.92 வரும், படி 2-இன் எண்களை வைத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஓக்லோவின் உலைப் பகுதிகளில் அந்த விகிதம் பரிதாபமாக இளைத்துக் கிடந்தது. 149 எரிந்துபோயிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 149 இவ்வளவு விழுங்குவதற்குக் காரணம், 0.097 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் அதற்கு ஓர் ஒத்ததிர்வு இருப்பது, அதாவது அந்த ஆற்றலில் வரும் நியூட்ரானை அது மிக எளிதாகப் பிடித்துக்கொள்வது. இயற்கையின் அடிப்படை மாறிலிகள் அன்று துளி மாறியிருந்தாலும் அந்த ஒத்ததிர்வு நகர்ந்திருக்கும், 149 அந்த வேகத்தில் எரிந்திருக்காது. அதை வைத்து, அந்த மாறிலிகள் 200 கோடி ஆண்டில் கிட்டத்தட்ட மாறவே இல்லை என்று 1976-ல் ஷ்லியாக்டர் என்ற இயற்பியலாளர் காட்டினார். ஒரு தாதுக்கட்டியில் இருந்து இவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை நான் இன்னும் வியந்து முடிக்கவில்லை.

படி 7: உங்கள் வேலைக்கு ஏற்ற வரிசையைப் பிடியுங்கள்

பாறையின் வயது வேண்டுமென்றால் 147. அது நியோடிமியம்-143 ஆகிறது. பூமியின் 454 கோடி ஆண்டு வாழ்வில் 147-இல் நூற்றுக்கு மூன்றுகூடச் சிதையவில்லை, எனவே மாற்றம் நுணுக்கமானது. ஒரே பாறையின் வெவ்வேறு கனிமங்களை எடுத்து, கிடைமட்டத்தில் சமாரியம்-147-க்கும் நியோடிமியம்-144-க்கும் உள்ள விகிதத்தையும், செங்குத்தில் நியோடிமியம்-143-க்கும் 144-க்கும் உள்ள விகிதத்தையும் குறித்தால் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். கோட்டின் சாய்விலிருந்துதான் வயது கிடைக்கும். நூறு கோடி ஆண்டுப் பாறைக்குச் சாய்வு 0.0066 மட்டுமே. சமாரியம் தாராளமாக ஏறும் கார்னெட் போன்ற கனிமம் மாதிரியில் இருந்தால் புள்ளிகள் நன்றாக விலகி நிற்கும், கோடு போடுவது எளிது.

அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சமாரியத்தை அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 144, 148, 150 மூன்றிலும் நியோடிமியம் வந்து உட்கார்ந்திருக்கும். 152, 154 இரண்டிலும் கடோலினியம். அருமண்கள் ஒன்றாகவே திரிகிறவை, மாதிரியில் அவை இல்லாமல் இராது. தன் பெயரில் தனி வீடாக இருப்பவை 147, 149 இரண்டு மட்டுமே. முதல் அளவீட்டை அங்கே தொடங்குங்கள். 152-தான் அதிகம் இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டு, கடோலினியத்தையும் சேர்த்து எண்ணியவர்கள் நிறையப் பேர்.

மருத்துவம் என்றால் 153. செறிவூட்டிய சமாரியம்-152-ஐ உலையில் வைத்து ஒரு நியூட்ரானை ஏற்றினால் கிடைப்பது. எலும்பில் போய் ஒட்டும் ஒரு மூலக்கூறோடு இதைக் கட்டி, எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கக் கொடுக்கிறார்கள். பீட்டா வேலையைச் செய்யும். கூடவே வரும் 103 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமா, மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் படமாகக் காட்டும்.

வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 37 மெகாபெக்கரல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,850. இதைப் படி 5-இன் கணக்கில் தலைகீழாகப் போட்டால், தேவைப்படும் சமாரியம்-153-இன் எடை 0.11 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாது. அதே 1,850 மெகாபெக்கரலை இயற்கைச் சமாரியத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 15 டன் தேவை. இரண்டுக்கும் வித்தியாசம் அரைவாழ்வு ஒன்றுதான். குறுகிய ஆயுள்காரன் அவசரமாகச் செலவழிக்கிறான்.

அந்த அவசரம் நடைமுறையிலும் தெரியும். குப்பியில் திங்கள் நண்பகல் என்று நேரம் குறித்திருந்தால், புதன் காலை பத்தேகாலுக்குப் பாதிதான் மிஞ்சும். இன்னொன்று, 153 சிதைந்து வரும் யூரோப்பியம்-153 உலையில் இருக்கும்போதே நியூட்ரானை வாங்கி 154 ஆகிவிடலாம். அதன் அரைவாழ்வு எட்டு ஆண்டுக்கு மேல். குப்பியைப் பல வாரம் வைத்துவிட்டு வெறும் சமாரியம் என்று நினைத்துக் குப்பையில் போட முடியாததற்கு அதுதான் காரணம்.

படி 8: பதிப்பு ஆண்டைக் குறியுங்கள்

சமாரியம்-146-இன் அரைவாழ்வை நான் "பத்துக் கோடி ஆண்டை ஒட்டி" என்று மழுப்பியதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். நெடுநாள் அது 10.3 கோடி ஆண்டு என்று இருந்தது. 2012-ல் வந்த ஓர் அளவீடு 6.8 கோடி என்றது, பலர் அதையே எடுத்துக்கொண்டார்கள், பின்னர் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சூரியக் குடும்பத்தின் தொடக்கக் காலக் கணக்குகள் இந்த எண்ணில் தொங்குவதால், எதை எடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. பழைய அட்டவணையில் 10.3 கிடைக்கும், நடுவில் வந்தவற்றில் 6.8 கிடைக்கலாம். அதனால் நோட்டில் எந்த எண்ணை எழுதினாலும், எந்த அட்டவணை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று பென்சிலில் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

சமாரியம் பழகிவிட்டால் அடுத்ததாக நியோடிமியத்தைத் திறக்கலாம். 148 ஆல்பா விட்டால் வருவது நியோடிமியம்-144. அதற்கு 84 நியூட்ரான். அது என்ன செய்யும், எங்கே போய் இறங்கும் என்று அட்டவணையைப் பார்க்காமலே எழுதிவைத்துவிட்டு, அப்புறம் சரிபாருங்கள்.